வேண்டாம் என்ற வாக்கு: 1968இல் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தல்கள்

அமெரிக்க வாக்காளர் நவம்பரில் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது கட்சியின் பெயரே அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. வேட்பாளரைப் பற்றி அதிகம் அறியாதவர்கூடக் கட்சியைப் பார்த்து முடிவெடுத்துவிடலாம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்க மாநிலந்தோறும் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில், அதாவது பிரைமரியில், இந்த வசதி கிடையாது. போட்டியிடுபவர்கள் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே வாக்காளர் வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: ஆளின் குணம், பேச்சு, அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது, எதிர்க்கட்சியை அவரால் வெல்ல முடியுமா என்ற கணக்கு, ஆட்சியில் இருப்பவர் மேல் உள்ள கோபம்.

கட்சி ஒற்றுமையாக இருக்கும் ஆண்டுகளில் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். கட்சி பிளந்து நிற்கும்போது அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரே பெயருக்கு விழும் இரண்டு வாக்குகள் நேர்மாறான எண்ணங்களிலிருந்து வந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட தேர்தல், மக்கள் யாரை வேண்டாம் என்கிறார்கள் என்பதைத் திடமாகக் காட்டும். ஏன் வேண்டாம், வேறு யார் வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதனிடம் உறுதியான பதில் இருக்காது. 1968ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியில் நடந்தவை இதற்குத் தெளிவான சான்று.

முதல்நிலைத் தேர்தல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீர்திருத்தம். அதற்கு முன் கட்சித் தலைவர்கள் மாநாட்டில் கூடிப் பேரம் பேசி வேட்பாளரைத் தீர்மானித்தார்கள். அந்த அதிகாரத்தை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்று விஸ்கான்சினின் ராபர்ட் லஃபாலெட் போன்றவர்கள் போராடினார்கள். சட்டம் வந்தது, அதிகாரம் அவ்வளவாக இடம் மாறவில்லை. 1912இல் குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றைத் தியோடர் ரூஸ்வெல்ட் வென்றார். மாநாடு வில்லியம் டாஃப்டையே நிறுத்தியது. 1952இல் டென்னசி செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர், பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனை நியூ ஹாம்ப்ஷயரில் தோற்கடித்தார். மேலும் பல மாநிலங்களை வென்று மாநாட்டுக்குப் போனார். ஆனால் ஜனநாயகக் கட்சி அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. 1960இல் மேற்கு வர்ஜீனியாவில் ஜான் கென்னடி பெற்ற வெற்றி அவருக்குப் பெரிதும் உதவியது உண்மை. புராட்டஸ்டன்ட் மக்கள் மிகுந்த மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கருக்கு வாக்கு விழும் என்று கட்சித் தலைவர்களுக்குக் காட்ட அது பயன்பட்டது. கடைசி முடிவு அப்போதும் அந்தத் தலைவர்கள் கையில்தான் இருந்தது. 1968 தொடங்கியபோது முதல்நிலைத் தேர்தல் நடந்த மாநிலங்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இல்லை. அவற்றிலும் சில இடங்களில் அது வெறும் விருப்ப வாக்கெடுப்பு, மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தாது.

பிளவு எங்கிருந்து வந்தது

1964 நவம்பரில் லிண்டன் ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். தேர்வர் குழுவில் அவருக்கு 486 வாக்குகள். அந்த வெற்றிக்குள்ளேயே விரிசலும் இருந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் கட்டப்பட்ட ஜனநாயகக் கட்சிக் கூட்டணியில் தெற்கு மாநில வெள்ளையர், வட நகரங்களின் கத்தோலிக்கத் தொழிலாளர், தொழிற்சங்கங்கள், கறுப்பின மக்கள், படித்த தாராளவாதிகள் என்று ஒத்துப்போகாத பலர் சேர்ந்து இருந்தார்கள். 1964இன் குடிமை உரிமைச் சட்டமும் 1965இன் வாக்குரிமைச் சட்டமும் தெற்கை விலக்கின. அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1964 முதல்நிலைத் தேர்தல்களில் ஜான்சனின் சார்பாக நின்றவர்களை எதிர்த்து, விஸ்கான்சினில் மூன்றில் ஒரு பங்கு வாக்கும் மேரிலாந்தில் 43 சதவீதமும் பெற்றிருந்தார். இனப் பிரச்சினையில் வெள்ளையரின் எதிர்ப்பு தெற்கோடு நிற்கவில்லை என்பதை அந்த எண்களே அப்போது காட்டின. கட்சித் தலைமை அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1967 கோடையில் நியூவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் கலவரம் வெடித்தது. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,85,000. போர்ச் செலவுக்காக வருமான வரியின் மேல் பத்து சதவீதக் கூடுதல் வரி விதிக்க ஜான்சன் கேட்டிருந்தார். போரை நிறுத்தச் சொன்னவர்களும், ஒரேயடியாக அடித்து முடிக்கச் சொன்னவர்களும், பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு எப்போது திரும்புவான் என்று காத்திருந்தவர்களும் ஒரே அதிபர் மேல் கோபமாக இருந்தார்கள். காரணங்கள் வேறு வேறு.

பதவியில் உள்ள சொந்தக் கட்சி அதிபரை எதிர்க்க ஆள் தேடி அலைந்தவர் அலார்ட் லோவன்ஸ்டீன் என்ற அரசியல் செயல்பாட்டாளர். அவர் முதலில் அணுகிய, ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி மறுத்தார். செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னும் மறுத்தார். மின்னசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி ஒப்புக்கொண்டு, 1967 நவம்பர் 30 அன்று தம் போட்டியை அறிவித்தார். இளமையில் துறவு மடத்தில் சேர்ந்து சில காலம் இருந்தவர், பேராசிரியராகப் பணியாற்றியவர், கவிதை எழுதுபவர். மேடையில் குரலை உயர்த்தாதவர். தம்மை ஆதரிக்க வந்தவர்களிடமே சற்று விலகி நின்றவர். வாக்குக் கேட்கப் பிறந்த ஆள் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர்: ஒரே எண், பல பொருள்

1968 ஜனவரி இறுதியில் வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாட்களில் வட வியட்நாம் படைகளும் வியட்காங்கும் தென் வியட்நாம் முழுவதும் நகரங்களைத் தாக்கின. சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே தாக்குதல் நடந்தது. போர் வெற்றியை நெருங்கிவிட்டது என்று அரசு சொல்லிவந்ததை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்த காட்சிகள் பொய்யாக்கின. அடுத்த ஆறு வாரங்களில் நியூ ஹாம்ப்ஷயர் தேர்தல்.

ஜான்சன் அங்கே வேட்பாளராகப் பதிவு செய்யவில்லை. அவருடைய பெயர் வாக்குச்சீட்டில் இல்லை; ஆதரவாளர்கள் அதைக் கையால் எழுத வேண்டும். அந்த ஏற்பாட்டை ஆளுநர் ஜான் கிங்கும் செனட்டர் தாமஸ் மெக்கின்டயரும் நடத்தினார்கள். ஜான்சனுக்கு வாக்களிப்பதாக உறுதியளிக்கும் எண்ணிட்ட அட்டைகளைக் கட்சிக்காரர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அட்டையின் ஒரு பகுதி வெள்ளை மாளிகைக்குப் போகும். ரகசிய வாக்கைத் தங்கள் உரிமையாகக் கருதும் ஒரு சிறிய மாநிலத்தில் இது எவ்வளவு தவறான யோசனை என்பதை மெக்கார்த்தி தரப்பு உடனே கண்டுகொண்டது. அதே வாரங்களில் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கிராமத்து வாக்காளர் முகம் சுளிக்கக்கூடாது என்று தாடியை மழித்து, முடியை வெட்டி, ஒழுங்கான உடை உடுத்தி வீடு வீடாகப் போனார்கள். வாக்குக் கேட்டதோடு நில்லாமல், வீட்டுக்காரர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டார்கள். அமெரிக்கத் தேர்தல் வரலாற்றில் வீட்டு வாசற்படிப் பிரசாரம் இவ்வளவு பயனளித்த இடங்கள் குறைவு.

மார்ச் 12 அன்று ஜான்சனுக்கு ஏறத்தாழ 49.6 சதவீதமும் மெக்கார்த்திக்கு 42 சதவீதமும் கிடைத்தன. எண்ணிக்கையில் அதிபர் வென்றார். எனினும் மாநிலத்தின் 24 பிரதிநிதி இடங்களில் 20 மெக்கார்த்திக்குப் போயின. காரணம் வேடிக்கையானது: ஜான்சனின் ஆதரவாளர்கள் அந்த 24 இடங்களுக்குத் தேவைக்கு மேல் பலர் பெயர் கொடுத்துத் தங்கள் வாக்குகளைத் தாங்களே சிதறடித்துவிட்டார்கள். போர்க்கால அதிபரை யாரும் அறியாத ஒரு செனட்டர் ஆட்டம் காணவைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. போரை எதிர்ப்பவர்களின் வெற்றி என்று உலகம் அதைப் படித்தது. இன்றும் பல வரலாற்று நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிலிப் கான்வர்ஸும் அவருடைய சகாக்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாசிப்பைக் கலைத்துப் போட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில் ஜான்சனின் போர்க் கொள்கையில் அதிருப்தி கொண்டவர்கள் மிகுதி. ஆனால் அவர்களில், ஜான்சன் போதுமான கடுமையோடு போரிடவில்லை என்று குறைப்பட்டவர்கள், படைகளைத் திரும்பப் பெறக் கோரியவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அதிகமாக இருந்தார்கள். போரை நிறுத்துவேன் என்று சொன்ன வேட்பாளருக்குப் போரைத் தீவிரப்படுத்த விரும்பியவர்கள் வாக்களித்திருக்கிறார்கள்.

இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. மெக்கார்த்தியின் நிலைப்பாடு பலருக்குச் சரியாகத் தெரியாது என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த வாக்காளர்களின் நிலையில் நின்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: இப்போது நடப்பது சரி என்பது ஒன்று, சரியில்லை என்பது மற்றொன்று. எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதிக்காட்ட வாக்குச்சீட்டில் இடம் இல்லை. சரியில்லை என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே பெயர் மெக்கார்த்தி. அந்தப் பெயரில் அவர்கள் சொன்னதும் சரியாகவே சென்று சேர்ந்தது. மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் பேசிய ஜான்சன், வட வியட்நாம் மீதான குண்டுவீச்சின் பெரும்பகுதியை நிறுத்துவதாகச் சொன்னார். பேச்சின் முடிவில், கட்சியின் வேட்பாளராக மீண்டும் நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். இரண்டு நாள் கழித்து விஸ்கான்சினில், விலகிவிட்ட அதிபருக்கு எதிராக மெக்கார்த்தி 56 சதவீதம் பெற்றார்.

இரண்டு எதிர்ப்பாளர்கள்

நியூ ஹாம்ப்ஷயர் முடிவு வந்த நான்காம் நாள், மார்ச் 16 அன்று, ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கினார். வழியைத் திறந்தவர் வேறு ஒருவர், வண்டியில் ஏற வந்தவர் இவர் என்று மெக்கார்த்தியின் மாணவர் படை கொதித்தது. ஜான்சன் விலகியதும் போட்டியின் இயல்பே மாறியது. போர் பற்றி மெக்கார்த்திக்கும் கென்னடிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எனவே வாக்காளர்கள் கொள்கையை விட்டு ஆட்களை எடைபோடத் தொடங்கினார்கள். கொள்கை ஒன்றாக இருக்கும் இடத்தில் யார் நம்மவர் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் பரவியதும் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கின.

இண்டியானாவில் மே 7 அன்று கென்னடிக்கு 42 சதவீதம், நிர்வாகத்தின் பக்கம் நின்ற ஆளுநர் ரோஜர் பிரானிகினுக்கு 31, மெக்கார்த்திக்கு 27. கறுப்பின மக்களையும் வெள்ளைத் தொழிலாளர்களையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டார் கென்னடி என்ற பெருமிதக் கதை இங்கேதான் பிறந்தது. எஃகு ஆலைகள் நிறைந்த கேரி நகரம் அதற்கு உதாரணமாகக் காட்டப்பட்டது. முந்தைய ஆண்டுதான் அந்நகரம் ரிச்சர்ட் ஹாட்சர் என்ற கறுப்பரை மேயராகத் தேர்ந்தெடுத்திருந்தது. வெள்ளையரின் கசப்பும் அங்கே அதிகம். பின்னாளில் வாக்குச்சாவடிவாரியாக எண்ணிப் பார்த்தவர்கள், கேரியின் வெள்ளையர் பகுதிகளில் பெரும்பாலானவற்றில் கென்னடி தோற்றிருந்ததைக் கண்டார்கள். அவரைத் தூக்கி நிறுத்தியது கறுப்பின மக்களின் ஏகோபித்த வாக்கு. தவிரவும், இண்டியானாவில் அவர் பேசிய பேச்சில் ஏழைகளுக்கான அக்கறையோடு, முன்னாள் அட்டர்னி ஜெனரல் என்ற முறையில் சட்டம் ஒழுங்கைக் காத்தவர் என்ற அடையாளமும் சேர்ந்தே ஒலித்தது. கேட்டவர்கள் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

நெப்ராஸ்காவில் கென்னடி எளிதாக வென்றார். ஆரிகனில் மே 28 அன்று மெக்கார்த்தி 44க்கு 38 என்று அவரைத் தோற்கடித்தார். கென்னடி குடும்பத்தில் எவரும் தேர்தலில் தோற்றது அதுவே முதல் முறை. ஆரிகனில் கறுப்பின மக்கள் மிகக் குறைவு. பெரிய வறுமைப் பகுதிகளும் இல்லை. வீடும் காரும் உள்ள நடுத்தர வர்க்கத்துக்கு மெக்கார்த்தியின் நிதானம் பிடித்திருந்தது, கென்னடியின் வேகம் சற்று அச்சமூட்டியது. தங்கள் தலைவர் ஜிம்மி ஹாஃபாவைச் சிறைக்கு அனுப்பப் பாடுபட்டவர் என்பதால் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்துக்கும் அவர் மேல் தீராத பகை. ரோஸ்பர்க் என்ற ஊரில், துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கென்னடி பேசியபோது கூட்டம் கூச்சலிட்டது. அது நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அவர் துப்பாக்கிக்குப் பலியானார்.

கலிஃபோர்னியாவில் ஜூன் முதல் நாள் இருவரும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் பேசினார்கள். ஒதுக்கப்பட்ட நகரப் பகுதிகளில் வாழும் கறுப்பின மக்கள் புறநகர்களிலும் குடியேற வழி வேண்டும் என்பது மெக்கார்த்தியின் கருத்து. பத்தாயிரம் கறுப்பர்களை ஆரஞ்சு கவுண்டிக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா என்ற தொனியில் கென்னடி அதை மறுத்தார். ஆரஞ்சு கவுண்டி அப்போது வெள்ளையரின் புறநகர். கறுப்பின மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் வெள்ளையரின் அச்சத்தைத் தொட்டுப் பேசினார். மெக்கார்த்தியின் ஆதரவாளர்கள் இதை மறக்கவில்லை. பிளந்த கட்சியில் வேட்பாளரும் வாக்காளர்களைப் போலவே இரண்டு பக்கமும் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஜூன் 4 அன்று கென்னடி 46க்கு 42 என்று வென்றார். சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் மெக்சிகோ வம்சாவளியினரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவர இரவு பகலாக உழைத்திருந்தது. வென்றவருக்கே பிரதிநிதிகள் அனைவரும் என்பது அப்போது அம்மாநில விதி. அதனால் நான்கு சதவீத வேறுபாட்டில் 174 பிரதிநிதிகளும் கென்னடிக்கு வந்தார்கள். நள்ளிரவு தாண்டி லாஸ் ஏஞ்சலிஸின் அம்பாசடர் ஹோட்டலில் வெற்றி உரை முடித்து வெளியேறும்போது அவர் சுடப்பட்டார். ஜூன் 6 அதிகாலை இறந்தார்.

வாக்கு கேட்காத வேட்பாளர்

துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி ஏப்ரல் 27 அன்று போட்டியை அறிவித்தார். அப்போது பெரும்பாலான முதல்நிலைத் தேர்தல்களுக்குப் பதிவு செய்யும் காலம் முடிந்துவிட்டது. அவற்றில் இறங்க அவருக்கு விருப்பமும் இல்லை. ஆளுநர்கள், மேயர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் வழியாக, தேர்தல் நடக்காத மாநிலங்களில் அவர் பிரதிநிதிகளைச் சேர்த்தார். பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் 1968 பிறப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள் என்று கட்சி ஆணையம் ஒன்று பின்னர் கணக்கிட்டது. மெக்கார்த்தி போட்டியிடப் போவதோ, டெட் தாக்குதலோ, ஜான்சன் விலகலோ தெரியாத காலத்தில் அவர்கள் தேர்வானவர்கள். பென்சில்வேனியாவில் மெக்கார்த்திக்கு எழுபது சதவீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. அம்மாநிலப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஹம்ப்ரி பக்கம் நின்றார்கள். மாநாட்டில் ஹம்ப்ரிக்குப் பெரும்பான்மையை உறுதி செய்ததும் பென்சில்வேனியாவின் வாக்குகள்தான்.

எல்லா முதல்நிலைத் தேர்தல்களிலும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் மெக்கார்த்திக்கு 39 சதவீதம், கென்னடிக்கு 31, ஹம்ப்ரிக்கு ஏறத்தாழ இரண்டு. இந்த எண்ணை வைத்து, மக்கள் விருப்பம் திருடப்பட்டது என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது முழு உண்மை ஆகாது. ஹம்ப்ரி 1948 மாநாட்டிலேயே குடிமை உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். கறுப்பினத் தலைவர்களிடமும் தொழிலாளர்களிடமும் இருபது ஆண்டுகள் சேர்த்த நல்லெண்ணம் அவருக்கு இருந்தது. தேர்தல் நடக்காத மாநிலங்களில் வாழ்ந்த கோடிக்கணக்கான கட்சிக்காரர்களும் கட்சிக்காரர்களே. கோடைக்காலத்தில் காலப் நிறுவனம் எடுத்த கணிப்புகளில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் மெக்கார்த்தியைவிட ஹம்ப்ரியையே அதிகம் விரும்பினார்கள். முதல்நிலைத் தேர்தல்களில் நின்றிருந்தால் அவர் வென்றிருக்கவும் கூடும். வாக்கே கேட்காமல் வென்றதுதான் அவருடைய குறை. அதனால் வெற்றிக்குப் பின்னும் அவரால் தம் தேர்வு நியாயமானது என்று எவரையும் நம்பவைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 26 முதல் 29 வரை சிகாகோவில் மாநாடு நடந்தது. குண்டுவீச்சை நிறுத்தக் கோரிய அமைதித் தீர்மானம் 1,041க்கு 1,567 என்ற அளவில் தோற்றது. அடுத்து நடந்த வாக்கெடுப்பில் ஹம்ப்ரிக்கு ஏறத்தாழ 1,760, மெக்கார்த்திக்கு 601, கென்னடியின் ஆதரவாளர்கள் சிலரை ஈர்த்துக் கடைசி நேரத்தில் இறங்கிய மெக்கவர்னுக்கு 146. அதே மாலை மேயர் ரிச்சர்ட் டேலியின் காவல்துறை ஹில்டன் ஹோட்டல் முன்பு போராட்டக்காரர்களை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதை விசாரித்த வாக்கர் அறிக்கை, அது காவல்துறையே நடத்திய கலவரம் என்றது.

நவம்பரில் குடியரசுக் கட்சியின் நிக்ஸன் 43.4 சதவீதம், ஹம்ப்ரி 42.7, கட்சியை விட்டு விலகித் தனித்து நின்ற வாலஸ் 13.5. செப்டம்பர் 30 அன்றுதான் ஹம்ப்ரி ஜான்சனின் போர்க் கொள்கையிலிருந்து சற்றே விலகிப் பேசினார். அதன் பிறகு அவருடைய ஆதரவு வேகமாக ஏறியது. மெக்கார்த்தி தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு வரை ஆதரவு தராமல் இருந்து, அதையும் அரைமனதாகத் தந்தார்.

விதி மாறியும் கேள்வி மாறவில்லை

சிகாகோவின் அவமானத்துக்குப் பிறகு மெக்கவர்ன் தலைமையில், பின்னர் டொனால்ட் ஃப்ரேசர் தலைமையில், கட்சி ஓர் ஆணையம் அமைத்தது. பிரதிநிதிகளைத் தேர்தல் ஆண்டிலேயே, அறிவித்த விதிகளின்படி, வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது ஆணையம். முதல்நிலைத் தேர்தல் நடத்தித்தான் ஆகவேண்டும் என்று அது சொல்லவே இல்லை. புதிய விதிகளுக்கு இணங்க எளிய வழி அதுதான் என்று மாநிலங்கள் முடிவு செய்தன. 1976க்குள் பெரும்பாலான பிரதிநிதிகள் முதல்நிலைத் தேர்தல் வழியாகவே வந்தார்கள். யாரும் திட்டமிடாமல் நடந்த பெரிய மாற்றம் இது.

விதி மாறியபின் வந்த முதல் தேர்தலே வாக்கைப் படிப்பதில் உள்ள சிக்கலை மீண்டும் காட்டியது. 1972இல் ஹம்ப்ரி, மெக்கவர்ன், வாலஸ் மூவரும் மொத்த முதல்நிலை வாக்கில் தலா நான்கில் ஒரு பங்கு அளவில் பெற்றார்கள். ஹம்ப்ரிக்கு மெக்கவர்னைவிடச் சற்று அதிகம்கூட. விதிகளை எழுதியவரும் அவற்றை நன்றாக அறிந்தவருமான மெக்கவர்ன் வேட்பாளரானார். நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வேறு யாரையோ விரும்பியிருந்தார்கள். அந்த வேறு யாரோ ஒருவராக இல்லை. நவம்பரில் மெக்கவர்ன் 49 மாநிலங்களை இழந்தார். அனுபவசாலிகளின் குரலும் வேண்டும் என்று 1982இல் ஹன்ட் ஆணையம் பரிந்துரைத்து, எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள், தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் வாக்களிக்கும் சூப்பர் டெலிகேட்டுகள் ஆனார்கள். ஹிலாரி கிளிண்டனும் பெர்னி சாண்டர்ஸும் மோதிய 2016க்குப் பிறகு, போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்று 2018இல் கட்சி திருத்திக்கொண்டது.

வாக்காளர் எப்படி எடைபோடுகிறார் என்பது பற்றிய ஆய்வுகள் இந்தக் காலத்தில்தான் பெருகின. சாமுவேல் பாப்கின் 1991இல் எழுதிய நூல் 1976இன் ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறது. அப்போது குடியரசுக் கட்சி ஃபோர்டு, ரீகன் என்று பிளந்து கிடந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அதிபர் ஃபோர்டுக்கு டமாலே என்ற மெக்சிகோ உணவு கொடுத்தார்கள். மக்காச்சோள மாவைச் சோளத்தோலில் சுற்றி வேகவைப்பது அது. ஃபோர்டு தோலோடு கடித்துவிட்டார். இலையோடு கொழுக்கட்டையைக் கடித்தது போல. மெக்சிகோ வம்சாவளி வாக்காளருக்கு இது வெறும் சிரிப்பு அல்ல என்கிறார் பாப்கின். தங்களைப் பற்றி இந்த மனிதருக்கு எதுவும் தெரியாது என்பதற்கு நூறு பக்கக் கொள்கை அறிக்கையைவிட அது எளிய சான்று. குறைந்த செய்தியை வைத்துக்கொண்டு கூடியவரை அறிவோடு முடிவெடுக்கும் வழி அது. டெக்சாஸில் ரீகன் முழு வெற்றி பெற்றார்.

லாரி பார்ட்டல்ஸ் 1988இல் எழுதிய ஆய்வு வேறொன்றைக் கவனித்தது: தொடக்க மாநிலங்களில் வென்றவர் மேல் அடுத்த மாநிலங்களின் பார்வை திரும்புகிறது, வெற்றியே வெற்றியைக் கொண்டுவருகிறது. 1984இல் கேரி ஹார்ட் நியூ ஹாம்ப்ஷயரில் வென்ற சில நாட்களில் தேசம் முழுவதும் ஆதரவு பெற்றார். அவருடைய கொள்கை என்ன என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 2020இல் இந்தக் கணக்கு தலைகீழாக நடந்தது. ஐயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஜோ பைடன் மோசமாகத் தோற்றார். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில், எம்.பி. ஜிம் கிளைபர்னின் ஆதரவோடு, கறுப்பின வாக்காளர்களின் பலத்தில், அவர் மொத்த வாக்கில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றார். போட்டியாளர்களான பூட்டிஜெஜும் குளோபுச்சாரும் அடுத்த இரண்டு நாட்களில் விலகினார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் பத்து பைடனுக்கு. அந்த ஆண்டு வாக்குச்சாவடிக் கணிப்புகளில், தம் கருத்தோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்ப்பைத் தோற்கடிக்கக்கூடியவரே முக்கியம் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். வேண்டாம் என்பது இம்முறை சொந்தக் கட்சிக்காரர் மேல் விழவில்லை; ஆனாலும் அதுவே தீர்மானித்தது.

2024 மீண்டும் 1968ஐ நினைவூட்டியது. நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் பைடனின் பெயர் சீட்டில் இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதினார்கள். எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸ், மெக்கார்த்தியைப் போலவே மின்னசோட்டாக்காரர். இம்முறை அதிபருக்கு ஏறத்தாழ 64 சதவீதம், எதிர்த்தவருக்கு இருபதுக்கும் குறைவு. வயது முதிர்ந்துவிட்டது என்ற கவலை கருத்துக்கணிப்புகளில் ஓங்கியிருந்தும் வாக்குச்சீட்டில் அது வெளிவர ஏற்ற பெயர் இல்லை. காசா போரை எதிர்த்தவர்களுக்கு மிச்சிகனில் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டம் இருந்தது. பிப்ரவரி 27 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் குறியிட்டார்கள். ஜூன் 27 தொலைக்காட்சி விவாதத்தில் பைடன் தடுமாறினார். ஜூலை 21 அன்று விலகினார்.

அடுத்து வந்த கமலா ஹாரிஸ், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் ஷியாமளா கோபாலனின் மகள். 2019 டிசம்பரில், ஒரு வாக்குகூட விழும் முன்பே போட்டியிலிருந்து விலகியவர். 2024இல் எந்த முதல்நிலைத் தேர்தலிலும் நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். ஹம்ப்ரிக்குப் பிறகு அப்படி ஆனவர் அவர்தான்; மாநாடும் சிகாகோவில் நடந்தது. ஒரு வேறுபாடு உண்டு: அவரைத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் பைடனுக்காக மக்களால் அதே ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

நவம்பரில் ஹாரிஸ் 226க்கு 312 என்று டிரம்ப்பிடம் தோற்றார். மிச்சிகனில் வேறுபாடு ஏறத்தாழ 80,000 வாக்குகள். பிப்ரவரியின் ஒரு லட்சத்தையும் நவம்பரின் எண்பதாயிரத்தையும் பக்கத்தில் வைத்து, காசா பற்றிய கோபம்தான் மாநிலத்தைப் பறித்தது என்று எழுதியவர்கள் பலர். வாக்களித்தவர்களிடமே கேட்காமல், எண்களை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய முடிவு அல்ல அது.